தண்ணீரில் முக்கின கம்பிகள்

உ
ரெங்கம், மலாயா,
14-8-1932

சிரஞ்சீவி லெட்சுமணனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மருமகள் ராஜம்மாவும் கல்கத்தாவில் சௌக்கியமாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன், ஐந்து மாதமாக உன்னிடமிருந்து காகிதம் இல்லாததால் வேறு வழியில்லை. உன்மேல் குறை சொல்லவில்லை. அந்தப் புது எஃகைக் காய்ச்சும் விதத்தை நீ எழுதியதற்கு, பெற்றவனுக்கே பாடம் சொல்கிறாயா என்று நான் எழுதிய பதிலைப் படித்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

ரப்பர் விலை விழுந்து தோட்டத்து ஆட்களையெல்லாம் ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். நம் கூலி லயத்து வரிசையில் பதினாறு வீட்டில் ஐந்தில்தான் ஆள் இருக்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவும் பிள்ளைகளோடு போன மாதம் ஊருக்குப் போய்விட்டாள். அவள் விட்டுப்போன சேவல் என் வாசலில் வந்து அடைகிறது, நான் இப்போது பேசுவது அதனிடம்தான், சிரிக்காதே. உன் அம்மா தவறியபோது நீ பக்கத்தில் இருந்தாய், அதனால் தாங்கினேன். இப்போது சாப்பிட்டாயா என்று கேட்க ஒருத்தரில்லை, ஒரு வேளை வடித்த சோற்றையே மறுநாளும் தின்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ரப்பர் ஷீட் போடும் ரோலர்கள் தேய்ந்துபோனதும், நம் பட்டறை லேத்திலேயே கடைந்துவிடலாம் என்று தோட்டத்துத் துரை சொன்னது உனக்குத் தெரியும். சாதா எஃகு உளி அந்த ரோலரில் ஒரு சுற்றுக்குள் மழுங்கிவிடும். உங்கள் தொழிற்சாலையில் வுல்ப்ராம் என்ற உலோகம் கலந்து உருக்குகிற எஃகு சிவக்கச் சூடேறினாலும் கூர் போகாது, அந்த வுல்ப்ராம் நம் மலாயாவில் வெட்டுகிற கல்லிலிருந்தே வருகிறது என்று நீ எழுதியதை நம்பித்தான் துரை உளி அடிக்க அந்த எஃகில் இரண்டு கம்பி தருவித்தார். வேலை நடந்தால் பட்டறையும் நானும் இருப்போம், நடக்காவிட்டால் ரோலர் கடைசலுக்குச் சிங்கப்பூருக்குப் போகும், பட்டறைக்குப் பூட்டு என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

நுனி உருகி வேர்த்தாற்போலாகிற அளவுக்கு வெள்ளையாகக் காய்ச்சு, அப்புறம் காற்றிலேயே ஆறவிடு, தண்ணீர் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். கை பழக்கத்தில் மறந்து செய்துவிட்டது என்று எழுத நினைத்தேன். அது பொய். தெரிந்தேதான் செய்தேன். முப்பது வருஷக் கொல்லு வேலையில் முருகா என்று சொல்லித் தண்ணீரில் முக்கின எஃகு என்னிடம் கெட்டதில்லை, காற்று என்ன கிழித்துவிடும் என்ற வீம்பு. முக்கியதும் டிக்கென்று ஒரு சத்தம், நுனியிலிருந்து பாதிவரை கீறல். கம்பியில்தான் குறை என்று இரண்டாவதையும் அப்படியே முக்கினேன். அதுவும் போயிற்று.

துரை வந்து பார்த்தபோது சரக்கு மட்டம் என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடுமே என்ற பயம். அவர் நம்பி, உங்கள் தொழிற்சாலைக்குப் புகார் எழுதச் சொன்னார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சபாபதி அதை எழுதிவிட்டு, சாட்சிக்கு நான் கையெழுத்துப் போடவேண்டும் என்று தமிழில் படித்துக் காட்டினார். உங்கள் ஆள் லெட்சுமணன் பேச்சை நம்பி ஏமாந்தோம் என்று அதில் இருந்தது. உன் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கையெழுத்துப் போடாமல் அந்தக் காகிதத்தோடு நேரே துரை முன்னால் போய் நின்று, "தொரை, கம்பி நல்ல கம்பி. தண்ணியில முக்காதேன்னு மவன் எழுதியிருந்தான், நாந்தான் முக்குனேன்" என்று சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டார். திட்டவில்லை. "செல்லப்பா, அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னொரு கம்பி வாங்கியிருப்பேன். இனிமே உன்னை நம்பி எதை வாங்குறது?" என்றார்.

புதன்கிழமை லாரியில் ரோலர்கள் சிங்கப்பூருக்குப் போய்விட்டன. பட்டறையைப் பூட்டிச் சாவியை நானே கிராணியிடம் கொடுத்தேன். புரட்டாசிக் கடைசியில் எனக்கு நாகப்பட்டினத்துக்குக் கப்பல். உன் பெயருக்கு ஒரு பழுதும் வரவில்லை, நிம்மதியாக வேலை பார். உலைப் பக்கம் போகும்போது வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள். தெரியாததைத் தெரியாது என்று மேலாளிடம் சொல்லிவிடு, என்னைப்போல் இராதே. ராஜம்மாவை வெகுநேரம் தனியாக விடாதே, தனியாக இருப்பது என்னவென்று எனக்கு இப்போது தெரிகிறது.

முருகன் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். காகிதம் போட்டால் பட்டறை விலாசத்துக்குப் போடாதே, கிராணி சபாபதி பெயருக்குப் போடு. நாகப்பட்டினத்தில் இறங்கினால் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லையப்பா. உன் வீட்டில் எனக்குப் படுக்க இடம் உண்டா என்று எழுது. இல்லையென்றாலும், அதையாவது எழுது.

உன் அப்பா,
கோ. செல்லப்பன்