இலியா நாளில் தட்டிய அரிவாள்

செப்டம்பர் 9, செவ்வாய், காலை 11.20. இன்றைக்குப் பதினான்காவது கண்.

டோப்ரிவோயே, 61, விவசாயி. வலது கண் சிறுவயதிலேயே போய்விட்டது. இடதில் போன மாதம் அடிபட்டு, பாலாய் வெளுத்த கண்புரை. விளக்கடித்தால் பின்னால் எதுவும் தெரியாது. அதனால்தான் என்னிடம், அல்ட்ராசவுண்டுக்கு. எப்படி அடிபட்டது?

"மாடு வாலை வீசிச்சு தம்பி."

மனைவி ஸ்தாமெனா ஜன்னலைப் பார்த்தாள். மூடிய இமைமேல் ஜெல்; மேலே பாருங்கள், கீழே பாருங்கள்; நாலு நிமிஷம். விழித்திரை ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கருவியின் இரைச்சலால் வரும் போலிப் புள்ளி என்று விட்டுவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை புரை அறுவை.

9, மாலை

இரைச்சல்தானா? கருவியின் ஒலியைக் குறைத்தால் இரைச்சல் மறையும், கெட்டிப் பொருள் மறையாது; குறைத்துப் பார்த்தேனா? இல்லை. ஏன்டா பார்க்கல? வரிசை நீளம், பசி. அவ்வளவுதான் காரணம்.

10

சேமித்த படத்தைத் திறந்தேன். புள்ளிக்குப் பின்னால் நிழல் விழுந்திருக்கு. அப்படியென்றால் உள்ளே கெட்டியாக ஏதோ இருக்கு. அது இரும்பென்றால் விழித்திரையை நாளுக்கு நாள் கெடுக்கும். அவருக்கு இருப்பதே ஒரு கண். ஃபோன் செய்து நாளைக்கே வரச் சொன்னேன்.

11, வியாழன்

வந்தார்கள். ஒலியைக் குறைக்கக் குறைக்க எல்லாம் மறைந்தது. புள்ளி மட்டும் அப்படியே.

"ஐயா, உங்க மாட்டு வால்ல ஆணியா இருக்கு?"

ஸ்தாமெனா வெடித்தாள்: "சொல்லித் தொலைங்க! ஆகஸ்ட் ரெண்டு, இடிக்குப் புனிதர் இலியா நாள்; அன்னைக்கு வேலை செஞ்சா இடி விழும்னு ஊரே கோயில்ல நிக்குது. இவரு கொட்டகைக்குப் பின்னால சுத்தியலால அரிவாளைத் தட்டிக் கூராக்குறாரு!"

"மழைக்கு முன்னாடி புல்லறுக்க வேணாமா? வெளிய தெரிஞ்சா சிரிப்பானுங்க, அதான் மாடுன்னேன்."

"இடி விழல. கண்ணுல இரும்புச் சில்லு விழுந்துச்சு" என்றாள் ஸ்தாமெனா.

அறுவை செய்யவிருந்த டாக்டர் வெஸ்னாவிடம் போய், அறிக்கை தப்பு என்றேன்.

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான்."

உடனே எக்ஸ்ரேவுக்கு எழுதினார். இரும்பேதான், குருணை அளவு. நாளைய அறுவை ரத்து. திங்களன்று பெல்கிரேடில், புரையும் சில்லும் சேர்த்து.

15

இன்று பெல்கிரேடில் அறுவை. ஃபோன் வரவில்லை. நானும் செய்யவில்லை. பயம்.

24, புதன்

ஸ்தாமெனா கூப்பிட்டாள். இனி:

1. ஒலியைக் குறைத்துப் பார்க்காமல் கையெழுத்து இல்லை.
2. ஆகஸ்டில் அடிபட்டு வருகிறவர்களிடம், "பாதிரியார்கிட்ட சொல்லமாட்டேன், அரிவாள் தட்டினீங்களா?" என்று முதலிலேயே கேட்பது.
3. டோப்ரிவோயேவுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நாளைக்கே. அவள் ஒளித்துவைத்த அரிவாளை இன்று காலை அவரே அந்தக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாராம்.