ஆறாம் வயதுப் பல்

செப்டம்பர் 2

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் மிச்சமிருக்கிறதா, தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன். உங்கள் மகள் வீட்டு முகவரியை உங்கள் பழைய கம்பவுண்டரிடம் வாங்கினேன். "அஞ்சு வருஷம் கழிச்சு இப்பதான் டாக்டர் ஞாபகம் வந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நம் குழந்தைகள் இல்லத்துச் செய்தி முதலில். மாடி ஒழுகுவது ஒருவழியாக நின்றுவிட்டது. அறங்காவலர் குழுவில் உங்கள் இடத்துக்கு ஒரு வக்கீலம்மா வந்திருக்கிறார். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். எழுதிவைத்ததோடு நாமெல்லாம் எட்டிக்கூடப் பார்க்காத விதிப் புத்தகத்தை வந்த முதல் வாரமே கரைத்துக் குடித்துவிட்டார். ஜவுளிக்கடைக்காரர் வழக்கம்போல மூன்றாவது தீர்மானம் வருவதற்குள் தூங்கிவிடுகிறார். கை தூக்கச் சொல்லும்போது மட்டும் சரியாக விழித்துக்கொள்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். வாயாடியை ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பேருந்து நிலையத்தில் தனியாக நின்றவளைப் போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டாரே, பல்லைப் பார்க்கப் போன உங்கள் விரலைக் கடித்தாளே, அவள்தான். இப்போது பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். நம் பிள்ளைகள் இதுவரை பத்தாவதோடு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த வகுப்புவரை வந்த முதல் பிள்ளை இவள். மார்ச்சில் பரீட்சை.

பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய நாளையே பிறந்த நாளாக எழுதுவது நம் வழக்கம் அல்லவா? அந்தக் கணக்கில் அக்டோபர் 12 அன்று அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. பதினெட்டு முடிந்த அன்றே இல்லத்தை விட்டுப் போக வேண்டும் என்பது விதி. வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில்தான் இடம் கிடைக்கும். அங்கே தங்கினால் வேலைக்குப் போயே ஆக வேண்டும். படிப்பு அம்போ. விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கேட்டேன். "விதியை எழுதினதே நீங்கதானே டீச்சர்? ஒருத்திக்காக மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களே" என்றார் வக்கீலம்மா.

அவளுக்கு இந்த அக்டோபரில் உண்மையில் பதினேழுதான் முடிகிறது என்பது உலகத்திலேயே உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "அன்று பல்லைப் பார்த்து வயதைத் தவறாகக் கணித்துவிட்டேன்" என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். கூட்டம் இம்மாதம் 28-ஆம் தேதி.

இப்படிக்கு,
தலைவர், அறங்காவலர் குழு


செப்டம்பர் 9

டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம்தான். மூட்டு மட்டும் மழைக்காலத்தில் மக்கர் பண்ணுகிறது.

தவறாகக் கணித்தேனா? நன்றாக இருக்கிறதம்மா நியாயம்! அன்று அலுவலக அறையில் அவளை மேசைமேல் உட்கார வைத்துப் பார்த்தேன். பால் பல்லெல்லாம் அப்படியே இருந்தது. கடைவாயில் ஆறாம் வயதுப் பல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்துதான் இருக்கும் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஆறுன்னு போடுங்க டாக்டர். என் ஸ்கூல்ல இந்த வருஷமே ஒண்ணாம் வகுப்புல சேத்துடறேன். இங்க ஒரு வருஷம் சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறா?" உங்களை எதிர்த்துப் பேச அன்றைக்கு யாருக்குத் தைரியம் இருந்தது? கையெழுத்துப் போட்டேன். அதில் என் பங்கை நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் ஐந்து வருடம் முன்னால் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளின் வயதையும் ஒருமுறை சரிபார்க்கலாமே என்று பேச்செடுத்தேன். எதற்கு அடிபோடுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "டாக்டர் பல்லை மட்டும் பார்த்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்காரர்கூட எழுந்து சிரித்தார். அதற்குப் பிறகும் நான் எந்த முகத்தோடு அந்த அறைக்குள் வருவது?

இப்போது அதே பல்லைத் தேடிக்கொண்டு வருகிறீர்கள். எழுத மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள், இன்றைக்கே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பல் டாக்டர்


செப்டம்பர் 14

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி ஒட்டவைத்து மறுபடி படித்தேன். ஒரு வரியைக்கூட மறுக்க முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

அன்று நான் சொன்னது தப்பு. எல்லோர் முன்னாலும் சொன்னது அதைவிடத் தப்பு. நீங்கள் ராஜினாமாக் கடிதம் அனுப்பியபோதே உங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். தெருமுனைவரை வந்தேன். வறட்டு கௌரவம், திரும்பிப் போய்விட்டேன்.

ஏன் உண்மையைச் சொல்ல மாட்டேனென்கிறேன் என்று கேட்பீர்கள். முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் இருந்தேன், டாக்டர். பிள்ளையின் பிறந்த வருடத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்களேன் என்று கெஞ்சிக்கொண்டு வந்த எத்தனை தாய் தகப்பனை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்! "பொய்யில ஆரம்பிக்கிற படிப்பு உருப்படுமா?" என்று கேட்டு அழவே வைத்திருக்கிறேன். என் பிரிவுபசார விழாவில் பேசிய அத்தனை பேரும் இதைச் சொல்லித்தான் என்னைப் பாராட்டினார்கள். இப்போது போய், நானும்தான் மாற்றினேன் என்று எப்படிச் சொல்வேன்? பயமாக இருக்கிறது. இந்த வயதில் பயம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

நேற்று வாயாடி மேட்ரனிடம் ஒரு அட்டைப்பெட்டி கேட்டு வாங்கித் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "டீச்சர், பாடப் புஸ்தகத்தை எடுத்துட்டுப் போகலாமா? இல்ல, அடுத்து வர்றவங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. வாயாடி சண்டை போடாமல் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

டீச்சர்


செப்டம்பர் 20

அன்புள்ள டீச்சருக்கு,

புத்தகத்தைப் பற்றி அவள் கேட்டதைப் படித்ததும் என் வீம்பெல்லாம் போய்விட்டது. நீங்கள் கேட்டபடியே எழுதித் தனி உறையில் ஒட்டி, இத்துடன் வைத்திருக்கிறேன். பழி முழுக்க என் தலையில். எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது. என்ன செய்துவிடப் போகிறார்கள்? பல்லையா பிடுங்குவார்கள்? அதில் பாதி ஏற்கெனவே போயாயிற்று.

நான் எழுதுவதை மகள் எட்டிப் பார்த்தாள். விவரத்தைச் சொன்னேன். "பொய் எழுத இவ்வளவு நல்ல பேனாவாப்பா?" என்றாள். அந்தப் பேனா அவள் வாங்கிக் கொடுத்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

உறையைக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் உங்கள் இஷ்டம். கொடுத்தால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். அந்தப் பெண் பரீட்சை எழுதினால் போதும். நீங்கள் தெருமுனைவரை வந்தீர்கள் என்பதே எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. உள்ளே வந்திருந்தால் ஒரு காப்பியாவது குடித்திருக்கலாம், போங்கள்.

அன்புடன்,
டாக்டர்


செப்டம்பர் 29

அன்புள்ள டாக்டருக்கு,

உங்கள் உறையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன்: கொடுத்துவிடலாம் என்றுதான் நேற்றுக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். வாயாடியின் விஷயம் வந்ததும், வயதில் ஒரு சந்தேகம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். கைப்பைக்குள் கையை விட்டு உறையைத் தொட்டும்விட்டேன். அதற்குள் வக்கீலம்மா, "வயசைப் பார்த்துச் சொன்ன அந்த டாக்டர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார். "அவரா! ரொம்பக் கவனமானவர், அவர் கண்ணுக்குத் தப்பவே தப்பாது" என்று என் வாயிலிருந்து பட்டென்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்படி உறையைக் கொடுப்பது, சொல்லுங்கள்!

உட்கார்ந்துகொண்டு சொல்ல வரவில்லை. எழுந்து நின்றேன், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி. ஆறாம் வயதுப் பல்லிலிருந்து, உங்களை நான் எடுத்தெறிந்து பேசியதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜவுளிக்கடைக்காரர் இமைகூடக் கொட்டாமல் கேட்டார். வக்கீலம்மா திட்டுவார் என்று நினைத்தேன். "உக்காருங்க டீச்சர், முதல்ல தண்ணி குடிங்க" என்றார். பிறகு பதிவேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தீர்மானம் இது: இல்லத்துப் பிள்ளை பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், வயது எதுவாக இருந்தாலும், படிப்பு முடிகிறவரை இல்லத்தில் இருக்கலாம். எல்லோருக்கும் சேர்த்துத்தான். அவளுடைய வயதை முறைப்படி திருத்தும் வேலையை வக்கீலம்மாவே எடுத்துக்கொண்டார். நாள் பிடிக்குமாம், ஆனால் முடியுமாம். தலைவர் பதவி வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். ஒருத்தராவது "இருங்க டீச்சர்" என்று சொல்வார்கள் என்று சுற்றிமுற்றிப் பார்த்தேன். ம்ஹூம்! "பதவியை விடுங்க, குழுவை விட்டுடாதீங்க" என்றார் வக்கீலம்மா. அதுவரைக்கும் பிழைத்தேன். பிறந்த நாள் தெரியாத மற்றப் பிள்ளைகளையும் நீங்கள் வந்து பார்க்க வேண்டும், குழுவுக்குத் திரும்ப வேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. அழைப்பு தனியாக வரும். வரமாட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்த முறை தெருமுனையோடு நிற்க மாட்டேன், ரயில் ஏறி வந்துவிடுவேன்.

அவளிடம் நான்தான் சொல்வேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இல்லத்திலேயே இருக்கலாம், பரீட்சை எழுதலாம் என்றதும் துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தேன். தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப கிளாஸ்ல எல்லாரும் என்னைவிட ஒரு வயசு பெரியவங்களா?"

"ஆமாம்மா."

"ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்தா?"

"ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்துதான்."

டாக்டர், அந்த வருடம் மற்றப் பிள்ளைகள் பெயர் எழுதக் கற்றுக்கொண்டபோது இவளுக்குப் பென்சில் பிடிக்கவே வரவில்லை. வாய்ப்பாடு வரவில்லை. சாயங்காலம் என் அறையில் உட்கார வைத்து நானே சொல்லிக்கொடுப்பேன். மக்கு, மக்கு என்று தலையில் குட்டுவேன். செல்லமாகத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதை அப்படியே நம்பி, தான் மக்கு என்பதால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு படித்துப் படித்து இந்த வகுப்புவரை வந்திருக்கிறாள். எனக்கு இது நேற்று அவள் சொல்லித்தான் தெரியும்.

"அப்ப நான் மக்கு இல்லையா, டீச்சர்?" என்றாள்.

"இல்லடி கண்ணு. நீ சின்னப் பொண்ணா இருந்தே, அவ்வளவுதான். நான்தான் மக்கு."

மன்னிப்பாளா மாட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நான்கு முறை சொல்ல வைத்தாள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
டீச்சர்