மாப்பிள்ளை வீடு எது?

கூர்
6 யூன் 2021

அன்பின் சண்முகநாதன்,

நாங்கள் நலம். உமது முழங்கால் நோவும் பத்மினியின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் இன்றைக்குச் சொல்லவேண்டியதைத் தொடங்கினால் நீர் இடையில் வெட்டுவீர். நானும் குளிரைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன். என்னை உமக்குத் தெரியும். ஏற்கெனவே பல தாள்களைக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

என் மகள் மதுஜாவும் உமது சின்னவள் கோபிஷாவும் பேர்ணில் ஒரே வீட்டில் சில வருடங்களாக இருக்கிறார்கள். வாடகை மிச்சம் என்று நீரும் நானும் எல்லோருக்கும் சொல்லிவந்தோம். போன ஞாயிறு மதுஜா வந்து, அது வாடகைக்காக இல்லை என்றாள். தாய் ஜெயமலர், "இப்பவாவது வாயைத் திறந்தியே" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினாள்.

செப்டம்பரில் வாக்கெடுப்பு. பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் மணம் முடிக்கலாம் என்று சுவிஸ் பாராளுமன்றம் ஏற்ற சட்டத்தை எதிர்ப்பவர்கள் கையெழுத்துச் சேர்த்து மக்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். சட்டம் வென்றால் இருவரும் மணம் முடிக்கிறார்கள். இணையர் என்று பதிவுசெய்ய எப்போதோ வழி இருந்ததே, ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "அரைக் கல்யாணம் வேண்டாம் அப்பா. எல்லாருக்கும் இருக்கிற அதே கல்யாணம் வேணும்" என்றாள்.

கோபிஷா உம்மிடம் சொல்லப் பயப்படுகிறாள். உமக்குப் பயப்படுவது எனக்கும் பழக்கந்தான். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நான் எழுதியது சரியோ தெரியவில்லை.

உம்முடைய,
பரமநாதன்

*

அட்லிஸ்வில்
19 யூன் 2021

பரமநாதன்,

கடிதம் வந்தது. பிள்ளையைப் பெற்றவள் என்று பத்மினிக்கும் வாசித்துக் காட்டினேன். அழுதாள். எதற்கு என்று சொல்லவில்லை.

நான் மூன்று பெண்களைப் பெற்றவன். மூத்தவள் சிவரூபினியின் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று உமக்குத் தெரியும்; நீர்தான் பக்கத்தில் நின்றீர். வரவேற்கத் தக்க ஆள் வரவில்லை என்று மாப்பிள்ளையின் தகப்பன் மண்டப வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் இன்னொரு தரம் கும்பிட்டுத்தான் உள்ளே கூட்டிவந்தேன். இரண்டாமவளுக்கும் அதே கதை. சின்னவளுக்காகவும் குனியத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் இப்படியல்ல.

இந்த நாட்டை நம்பிக்கொண்டிருக்கவேண்டாம். பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கவே 1971 வரைக்கும் யோசித்த சனம். நான் "இல்லை" என்றுதான் போடப்போகிறேன். நாடு ஓம் என்று சொன்னால் பிறகு கதைப்போம். அதுவரை எழுதவேண்டாம்.

சண்முகநாதன்

*

கூர்
28 செப்டம்பர் 2021

அன்பின் சண்முகநாதன்,

நாடு ஓம் என்று சொல்லிவிட்டது. நூற்றுக்கு அறுபத்துநான்கு பேர். ஒரு மாநிலம்கூட மறுக்கவில்லை. எங்கள் மலைப்பக்கம் மறுக்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்; அதுவும் பிழையாகப் போனது.

நீர் கேட்டபடி இதுவரை எழுதாமல் இருந்தேன். இப்போது ஒன்றைச் சொல்லவேண்டும். வேறு வாயால் கேள்விப்பட்டால் கூட்டிச் சொல்வார்கள்.

ஓகஸ்டில் எங்கள் முதியோர் ஒன்றியக் கூட்டத்தில் தலைவர் பாலேந்திரன் ஒரு துண்டறிக்கை கொண்டுவந்தார். எல்லாத் தமிழ் வீடுகளும் "இல்லை" என்று வாக்களிக்கவேண்டுமாம். பழைய வாத்தியார் என்று வழக்கம்போல எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டேன், வாசித்தேன், திருப்பி அவர் முன்னால் வைத்தேன். இதை நான் பார்க்கமாட்டேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "என்ன மாஸ்டர், நீங்களும் அந்தப் பக்கமோ?" என்று கேட்டார்.

"ஓம். என்ட மகள் அந்தப் பக்கம்" என்றேன்.

எல்லோரும் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். திரேசா அக்காதான் வடைத் தட்டை என் பக்கமாகத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு மற்றவர்களும் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். அந்த அறிக்கை வெளியே போகவில்லை. பிழை பார்க்க வேறு ஆள் இல்லாததும் காரணமாக இருக்கலாம். என்னால்தான் நின்றது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சட்டம் வருகிற யூலை முதலாம் தேதி நடைமுறைக்கு வருகிறது. கல்யாணம் 9ஆம் தேதி, சனிக்கிழமை, பேர்ணில். மண்டபம் பேசியாகிவிட்டது. பிறகு கதைப்போம் என்று எழுதியிருந்தீர். நான் தயார்.

உம்முடைய,
பரமநாதன்

*

அட்லிஸ்வில்
15 ஒக்டோபர் 2021

பரமநாதன்,

கதைப்போம் என்றேன். சம்மதம் என்று சொல்லவில்லை.

கீழ்வீட்டுச் சுவிஸ் கிழவி ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். தானும் ஓம் என்று போட்டதாகப் படியில் மறித்துச் சொன்னாள். வாழ்த்து வேறு சொன்னாள். கோபிஷா இங்கே வந்துபோகும்போது அவளிடம் சொல்லியிருக்கிறாள். தகப்பனுக்குச் சொல்லாததைக் கீழ்வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள்.

சரி, சட்டம் அவர்களுடையது. முறை நம்முடையது. பொன்னுருக்காமல் தாலி இல்லை. பொன்னுருக்குவது மாப்பிள்ளை வீட்டில். இங்கே இரண்டும் பெண் வீடு. எந்த வீட்டில் நெருப்பு மூட்டுவீர்? மாப்பிள்ளை வீடு இல்லாத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். மறுமொழி இருந்தால் எழுதும். இல்லாவிட்டால் விடும்.

சண்முகநாதன்

*

கூர்
22 மே 2022

அன்பின் சண்முகநாதன்,

மறுமொழி தேட எனக்குக் குளிர்காலம் முழுவதும் எடுத்தது. நீர் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். முறை தெரிந்த சிலரிடம் கேட்டேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் தொலைபேசியை வைத்துவிட்டார். பிள்ளைகளிடம் கேட்டேன். தாலி இரண்டு பேருக்கும் வேண்டும், வீட்டை நீங்களே முடிவுசெய்யுங்கள் என்றார்கள்.

போன கிழமை நகைவேலை செய்யும் ஜெகதீஸ்வரனிடம் போனேன். அவரும் உமது கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் அவருக்கு விலாசம் மட்டும் தேவைப்பட்டது. "அண்ணை, சாமானெல்லாம் தூக்கிக்கொண்டு நான் எந்த வீட்டுக்கு வாறது?" ரயிலில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு பெண் வீடு இருப்பதால் நீர் மனம் வருந்தவில்லை. முறை என்றால் ஒரு வீட்டார் நிமிர்ந்து நிற்க மற்ற வீட்டார் குனியவேண்டும். தயார் என்று எழுதினீர்; ஆனால் மூன்றாவது தரமும் குனிய உம்மால் முடியவில்லை. நான் பிழையாக விளங்கியிருந்தால் மன்னியும். சரியாக விளங்கியிருந்தால் வழி இருக்கிறது.

நான் பெண் வீட்டான். நீர் மாப்பிள்ளை வீட்டார்.

பொன்னுருக்கு யூலை 3ஆம் தேதி, ஞாயிறு, உமது வீட்டில். நானும் ஜெயமலரும் பெண் வீட்டாராகப் பலகாரத் தட்டங்களோடு வருவோம். கல்யாணத்தன்று மண்டப வாசலில் உம்மைக் கும்பிட்டு உள்ளே அழைத்துப்போவேன். நீர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் இன்னொரு தரம் கும்பிடுவேன். எனக்கு ஒரே பிள்ளை. குனிந்து பழக்கமில்லை, பழகிக்கொள்வேன்.

நீர் கதவு திறக்காவிட்டால் நெருப்பு என் பல்கனியில் மூட்டப்படும். குடியிருப்பு நிர்வாகத்திடம் கேட்டுவிட்டேன். இறைச்சி வாட்ட அனுமதி இருக்கிறது, ஆகவே இதற்கும் இருக்கிறது, அயலாருக்குச் சொன்னால் போதும் என்று பதில் வந்தது. சொல்லிவிட்டேன். ஜெகதீஸ்வரனிடம் இரண்டு விலாசமும் கொடுத்திருக்கிறேன்.

எப்படியும் கல்யாணம் நடக்கும். நீர் வந்தால் நடக்கும், வராவிட்டாலும் நடக்கும். வந்தால் என் மனம் ஆறும். இந்தத் தாளை நான் கிழிக்கப்போவதில்லை.

உம்முடைய,
பரமநாதன்

*

அட்லிஸ்வில்
9 யூன் 2022

அன்பின் பரமநாதன்,

உமது பல்கனிக்கு வேலையில்லை. பொன்னுருக்கு என் வீட்டில். புகை வரும் என்று கீழ்வீட்டுக் கிழவியிடம் சொன்னேன். தானும் வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். வரச்சொல்லிவிட்டேன்.

மனம் முழுதாக மாறிவிட்டது என்று நினைக்காதேயும். இரவில் இன்னும் பத்மினியோடு வாதாடுகிறேன்; அவள்தான் வெல்கிறாள். நேற்றுக் கோபிஷாவை வரச்சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். துரத்தினால் உடனே திரும்பிப் போவதற்காக இருக்கவேண்டும். "உள்ளுக்கு வா. நாங்கள் மாப்பிள்ளை வீட்டார், வாசலில நிக்கிறேல்ல" என்றேன். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதாள். பிறகு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டாராக எங்களுக்கும் சில கண்டிப்புகள் உண்டு. பொன்னுருக்கன்று காலை ஒன்பது மணிக்கு முன்னால் வந்துசேர வேண்டும். ரயில் பிந்தியது என்ற கதை எடுபடாது. பலகாரத்தில் ஜெயமலரின் பயற்றம் பணியாரம் கட்டாயம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் முகத்தைத் திருப்புவேன்.

மண்டப வாசலில் கும்பிடும் வேலை மட்டும் வேண்டாம். சிவரூபினியின் கல்யாணத்தில் நின்ற மாதிரிப் பக்கத்தில் வந்து நில்லும். போதும்.

உம்முடைய சம்பந்தி,
சண்முகநாதன்