வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது

மச்சான்,

இன்று காலை மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவதற்காக, நீங்கள் தந்த ஆரஞ்சு நிற ரப்பர் கையுறையை முழங்கை வரை இழுத்து மாட்டினேன். அந்த ரப்பர் வாசனை வந்ததுமே உங்கள் மைசூர் வளர்ப்பு மீன் கடை முழுவதும் என் ஹாலில் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆபரேசனுக்குக் கெளம்பியாச்சா?" என்றாள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவள் உங்கள் குரலில் பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு விமோசனமே இல்லை.

என் தொட்டியின் பெருமையை ஊர் அறியும். குக்கரஹள்ளி ஏரியில் பாதியை அள்ளிக் கண்ணாடிக்குள் ஊற்றியது போலிருக்கும். நீங்கள் மட்டும் "அந்த ரெண்டடித் தொட்டி" என்பீர்கள். அதில் நீந்திய ஏஞ்சல் மீன்கள் உங்கள் கடையில் வாங்கியவைதான். வீட்டுக்கு வந்தவர்களிடம் அரண்மனைக் குளத்து வம்சம் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் அந்த வம்சம் இளைக்கத் தொடங்கியது. வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, ஒவ்வொன்றாக மூலையில் ஒதுங்கிச் செத்தன. ராஜ வைத்தியனைப் போல வெறுங்கையோடு தொட்டியைக் கழுவ இறங்கினேன். உள்ளே கிடந்த ஒரு கூர்ங்கல் ஆள்காட்டி விரலைக் கீறியது. துடைத்துவிட்டு மறந்துபோனேன்.

சில வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு கட்டி வந்தது. பெரிதாக வலிக்கவுமில்லை, ஆறவுமில்லை. மாதக்கணக்கில் அப்படியே இருந்து, புறங்கையில் இன்னும் இரண்டு தம்பிகளையும் பெற்றுக்கொண்டது. தசரா யானையே பார்த்து ஒதுங்கி வழிவிட்டிருக்கும், அப்படியொரு விரல்.

இந்த விரலுக்குக் கல் கீறியது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? முதல் டாக்டரிடம், கோபிநத்தம் காட்டில் கரடியைத் துரத்தியபோது குத்திய முள் என்றேன். இரண்டாமவரிடம் காவிரி முதலை என்றேன். அவர்களும் கரடிக்கும் முதலைக்கும் தக்கபடி மாத்திரை எழுதினார்கள். மூன்றாமவர், மூட்டுக்குள் இறங்கிவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார். போகப்போகிற விரலை ஊருக்கெல்லாம் காட்டிவிடலாம் என்று உங்கள் கடைக்கு வந்தேன்.

நீங்கள் கதை கேட்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "மாப்ள, இந்தக் கைய தொட்டிக்குள்ள உட்டீங்களா?"

சனிக்கிழமை, வாடிக்கையாளர் நிற்கிறார்கள், நட்டநடுப் பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு என்னைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனீர்கள். நான் தொண்டையைக் கனைத்து முதலையை அவிழ்த்துவிடப் போனேன். "சும்னிருங்க மாப்ள" என்று அடக்கிவிட்டு, மைசூரில் முப்பது வருடம் இருந்தும் மாறாத அந்தக் கொள்ளேகால் பேச்சில் நீங்களே சொன்னீர்கள்: "டாக்டர், இவுங்க வீட்டுல மீன் தொட்டி இருக்குதுங்க. மீனெல்லாம் எளைச்சு எளைச்சுச் செத்துப்போச்சு. என்ற கடைல வாங்குன மீனுங்க அது."

ஒரே மூச்சில் மூன்று உண்மை. ஒன்று சொன்னாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதிலும் அந்த மூன்றாவதை உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மனிதரின் காசநோய்க் கிருமிக்கு மீனில் ஒரு பங்காளி உண்டாம். கீறல் வழியாகக் கைக்குள் வருமாம். நம் உடம்புச் சூட்டில் சரியாக வளராதாம். குளிர்ச்சியாக வைத்து வளர்க்கச் சொல்லிச் சோதனைக்கூடத்துக்கு முன்பே தெரிவிக்காவிட்டால் அகப்படவே அகப்படாதாம். கட்டியில் துளி வெட்டி அனுப்பினார்கள். அந்தப் பங்காளிதான் அகப்பட்டது. மாதக்கணக்கில் மாத்திரை தின்றேன், மைசூர் மாநகரே தின்றிருக்க வேண்டிய அளவு. விரல் தங்கியது.

டாக்டரைப் பார்த்த மறுநாளே உங்கள் கடையில் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தீர்கள். இளைத்தவை அங்கேயும் இருந்தன. மீனுக்கு இதில் நம்பும்படி மருந்தில்லை என்று தெரிந்ததும் கடை மொத்தத்தையும் காலி செய்தீர்கள். பிறகு கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பலகை தொங்கியது: 'மீனுக்கு நோய். விற்பனை இல்லை. கையில் ஆறாத புண் இருந்தால், மீன் வளர்ப்பதை டாக்டரிடம் சொல்லவும்.' பக்கத்துக் கடைக்காரர், ஊரே பயந்து ஓடும், கழற்று என்றார். "பயப்படட்டுங்க. கையுறை போட்டுக்கிட்டுத் திரும்ப வரட்டும்" என்றீர்கள்.

நான்கு மாதம் வெறுங்கண்ணாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த மனிதரை மிகைப்படுத்த எனக்கு இன்றுவரை ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நான் தோற்ற ஒரே இடம் அது.

போன வாரம் கண் டாக்டரிடம் போனேன். என்ன தொந்தரவு என்றார் அந்தப் பெண். எழுத்து மங்குகிறது என்று சொல்வதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது: "எங்க வீட்டுல மீன் தொட்டி இருக்குதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கும் கண்ணுக்கும் என்ன சார்?"

கரடி, முதலை எதுவுமே வரவில்லை, மச்சான்.

"எங்க மச்சான் சொல்லச் சொல்லியிருக்காருங்க" என்றேன்.