அணைச் சுவரைப் பார்த்தவர் ஆணா பெண்ணா

அனுப்புநர்
கனிஷாய் ஒசோனோவா,
மொழிபெயர்ப்பாளர்,
சுரங்க மேல் முகாம்,
சாரி-புலுங், நாரின் மாகாணம்.

பெறுநர்
உயர்திரு தொழில் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: கழிவுநீர் அணையில் விரிசலைப் பார்த்தவர் ஆணா பெண்ணா என்று சொல்லாததால் என்னை முகாமிலேயே நிறுத்தி வைத்திருப்பதும், விரிசல் இதுவரை கவனிக்கப்படாததும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இச்சுரங்கத்தில் வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கும் நம் தொழிலாளர்களுக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்லும் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரம் மேலே, இரண்டு வாரம் வீட்டில் என்பது முறை. என் முறை முடிந்தும் என்னைக் கீழே அனுப்பவில்லை. பேருந்துப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். நடந்து இறங்கலாம் என்றால் கணவாயில் பனி, சுரங்கப் பேருந்து மட்டும்தான் கடக்கும்.

2. காரணம் இதுதான். கழிவுநீர் அணைக் காவலில் எட்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உள்ளனர். அவர்களில் ஒருவர் சாப்பாட்டுக் கூடத்தில் என்னிடம் வந்து, "அக்கா, சுவருல விரிசல் விட்டிருக்கு. அடியில தண்ணி கசியுது. பெரியவங்க காதுல போட்டுடுங்க. என் பேரு மட்டும் வேணாம், வீட்டுல என் சம்பளம்தான் சோறு" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

3. மறுநாள் பாதுகாப்புக் கூட்டத்தில் அதைச் சொன்னேன். தாங்கள் அறியாததல்ல, நம் மலைநாட்டுப் பேச்சில் ஆண், பெண், குதிரை, வாளி எல்லாவற்றையும் சுட்ட ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் அப்படித் தப்ப முடியாது. 'ஒரு தொழிலாளி பார்த்திருக்கிறார்' என்று தொடங்கிவிட்டேன். அடுத்த வாக்கியத்துக்கு 'ஹீ' வேண்டும் அல்லது 'ஷீ' வேண்டும். 'தே' என்று சொல்லிப் பார்த்தேன், எத்தனை பேர் என்று கேட்டார்கள். பிறகு 'அந்தத் தொழிலாளி, அந்தத் தொழிலாளி' என்றே ஒப்பேற்றினேன். பொறியாளர் பிரைஸ் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். தன் மண்வாரி இயந்திரத்தை 'ஷீ' என்பார், முகாம் நாயை 'ஹீ' என்பார். "என் வண்டிக்கே ஒண்ணு வச்சிருக்கேன், உன் ஆளுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?" என்று வேடிக்கையாகத்தான் கேட்டார்.

4. ஆனால் முகாம் மேலாளர் எசென் நம்மவர். என் தடுமாற்றத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நம்ம பேச்சுல ஒளிஞ்சுக்கலாம் தங்கச்சி, இங்கிலீஷ்ல ஒளிய இடமில்ல. ஹீயா, ஷீயா?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்கிறார். நான் பேசாமல் இருந்தால், "ஆம்பளைன்னா இந்நேரம் சொல்லியிருப்பியே" என்கிறார். ஐயா, நான் எந்தப் பக்கம் திரும்புவது? மௌனமாக இருந்தால் அந்த ஒரு பெண்ணின் வேலை போகும். 'ஹீ' என்றால், அது உண்மையோ பொய்யோ, எட்டுப் பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு உருட்டி மிரட்டுவார்கள். நான் அறிக்கையை ஆங்கிலத்தில் முழுமையாக எழுதிக் கொடுத்தால்தான் பேருந்தில் ஏறலாமாம்.

5. எனக்கு ஆத்திரமாக வருகிறது. சொன்னது யார் என்று இத்தனை முறை கேட்டவர்கள், சுவரைப் பார்த்துவர ஒருவரையும் அனுப்பவில்லை. அணைக்கு நேர் கீழே எங்கள் ஊர் சாரி-புலுங். அங்கே என் அம்மாவும் என் மகள் மீரிமும் இருக்கிறார்கள். கணவாயில் இன்னும் பனி கிடந்தாலும் வெயில் படும் சரிவில் பனி உருகத் தொடங்கிவிட்டது. அந்தத் தண்ணீர் முழுவதும் அணைக்குத்தான் வரும்.

6. நேற்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, யாரிடமும் கேட்காமல் நானே அணைக்கு நடந்தேன். விரிசலுக்குள் என் கை மணிக்கட்டு வரை நுழைந்தது. வெளியே எடுத்தால் கையுறை முழுக்கச் சேறு. பயந்துபோனேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. அதே கையுறையோடு அலுவலகத்துக்குப் போய், பிரைஸ் அவர்களும் எசென் அவர்களும் இருக்கும்போது, ஆங்கிலத்திலேயே சொன்னேன்: நான் பார்த்தேன். எசென் அவர்கள், "உன் வேலை போச்சு, தெரியும்ல?" என்றார். தெரியும்.

7. ஐயா, என்னைக் கீழே இறக்கிவிடச் சொல்லிக் கேட்கத்தான் இம்மனுவை எழுத உட்கார்ந்தேன். அது பிறகு ஆகட்டும். முதலில் சாரி-புலுங்கின் கீழ்த்தெரு மக்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, சுவரைப் பார்க்கத் தாங்களே நேரில் வர வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இம்மனுவைத் தங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பவர் யார் என்று தயவுசெய்து விசாரிக்க வேண்டாம். விரிசலைப் பார்த்தவர் யார் என்று எழுத வேண்டியிருந்தால், கீழே உள்ள பெயரை எழுதிக்கொள்ளவும்.

இடம்: மேல் முகாம்
நாள்: மார்ச் 19

இப்படிக்கு,
கனிஷாய் ஒசோனோவா
(ஒப்பம்)