மாப்பிள்ளைக்கு ஏழு பிகாஸ்

செவ்வாய். விடியலிலிருந்து தூறல்.
இதெல்லாம் இப்படித்தான் ஆகும்னு அன்னைக்கே சொன்னேன். மகளுக்குப் பிள்ளை பிறந்து, பார்த்துக்க என் பெண்டாட்டி சரோஜா மெல்பர்ன் கிளம்பினப்போ, இந்தத் தேயிலை எஸ்டேட்டிலேயே முதல் ஆளா சொன்னவன் நான்தான்: போனா லேசில் திரும்ப மாட்டா. ஏர்போர்ட்டில் என் கையைப் பிடிச்சு, கண் கலங்கி, "மூணே மாசம்ங்க, சத்தியமா" என்றாள். ஆச்சு, பதினோரு மாசம்.
டிக்கெட் எடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை டேனியல். தமிழ் சுத்தமா தெரியாது. ஆகவே இங்கிலீஷில் கடிதம். அவகிட்டயே நேரா 'வா'ன்னு சொல்லலாம்தான். ஆனா எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.
வாங்க வேண்டியது: மைலோ, கையுறை, முட்டை (ஆறு போதும்).

புதன். மத்தியானம் வரை வெயில்.
கோயில் மண்டபத்தில் புவனா டீச்சர் வகுப்பு. ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்தவர். பெரியவங்களுக்கு இலவசமா இங்கிலீஷ். இன்னைக்கு இணைப்புச் சொல். அண்ட், பட், ஆர், பிகாஸ், ஆல்தோ. முக்கால்வாசி எனக்கு முன்னாடியே தெரியும். பழைய துரை என் இங்கிலீஷைக் கேட்டுத் தொப்பியைக் கழட்டினவர்.
என் வாக்கியத்தைப் போர்டில் எழுதினார். ஆல்தோ ஷீ பிராமிஸ் த்ரீ மந்த், பட் ஷீ நாட் கம்.
"அங்கிள், ஆல்தோ போட்டா பட் வேணாம். ஒண்ணு போதும்."
"எப்படிப் போதும் டீச்சர்? பதினோரு மாசம்லா!"
மண்டபமே சிரிப்பு. பக்கத்து நாற்காலி மாரி, திரிங்காப்பில் பூத்தோட்டம் வச்சிருக்கிறவன், "அண்ணே, அண்ணி வரணும்னா எதுக்கு இத்தனை? ஒரே வார்த்தை. கம்!" என்றான்.
அவனுக்கென்ன. பெண்டாட்டி வீட்டில் இருக்கா.

வியாழன். மூடுபனி, பத்து அடிக்கு மேல ஒண்ணும் தெரியலை.
கொழுந்து வெட்டுற மெஷினுக்கு ரெண்டு ஆள் வேணும். செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். அந்தப் பக்கம் ஒன்பது வருஷம் சரோஜா. இப்போ ரஹீம், பங்களாதேஷ்காரன். நல்ல உழைப்பாளி, ஆனா இழுத்துட்டு ஓடறான். என் பக்கம் தாழ்ந்து வெட்டு கோணிப் போகுது.
முன்னெல்லாம் கங்காணி, "மேசை மாதிரி வெட்டியிருக்கீங்க"ம்பார். எல்லாம் என் கைவாகுன்னு ஊருக்கே சொல்லி வச்சிருக்கேன். மேடு வந்தா என் முட்டிக்காக அவதான் நடையைக் குறைப்பா. வாயைத் திறந்து சொன்னதில்லை.
இன்னைக்கு ரெண்டு தடவை, "சரோ, மெல்ல"ன்னு கத்திட்டேன். ரஹீம் நின்னு பார்த்தான். "ஓகே அங்கிள்."

வெள்ளி. கனமழை.
கடிதம் ரெடி. டீச்சர் பார்த்துத் திருத்தினார். பட் போச்சு, ஆல்தோ தங்கிச்சு. மொத்தம் ஏழு பிகாஸ். பிகாஸ் கோயில் திருவிழா. பிகாஸ் அவ வச்ச ரோஜா வாடுது. பிகாஸ் எனக்கு பிளட் பிரஷர் (கொஞ்சம் ஏத்திப் போட்டேன்).
"ஏழும் சரியா இருக்கு அங்கிள். ஆனா எந்தக் காரணத்துக்காக எழுதுறீங்களோ, அது மட்டும் இதுல இல்லையே" என்றார். இந்தக் காலத்து டீச்சருங்களுக்கு வாய் ஜாஸ்தி.
போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு வாட்சாப்பில் அனுப்பியாச்சு. முட்டை வாங்க மறந்துட்டேன்.

சனி. சாயங்காலம் மறுபடி மழை.
பிரிஞ்சாங் மார்க்கெட். முட்டைக் கடையில் நிக்கறப்போ போன். சரோஜா.
"என்னங்க, மாப்பிள்ளை கடுதாசியைப் படிச்சாரு, மக தமிழ்ல சொன்னா. மூணு மாசம்னு நான் சத்தியம் பண்ணேனா?"
"பண்ணலையா?"
"திருவிழா, ரோஜா, பிரஷர்... எல்லாம் இருக்கட்டும். உங்களுக்கு நான் வரணுமா?"
காய்கறி லோரி ஒண்ணு ஹார்ன் அடிச்சுட்டே போச்சு. அது போய் முடிஞ்சும் அவ காத்திருந்தா.
"இங்க ஒரே மழைலா" என்றேன்.
"சரி. குடை எடுத்துட்டுப் போங்க." வச்சுட்டா.
முட்டை ஒரு டஜன் வாங்கிட்டேன். ஏன்னு தெரியலை.

ஞாயிறு. மழை விட்டாச்சு.
காலையில் வாட்சாப்பில் பேசி அனுப்பினேன். "வரணும், சரோ." அவ்வளவுதான். அவ இன்னும் அதைக் கேட்கலை போல.
செவ்வாய்க்கிழமை எழுதினதில் ஒண்ணு திருத்தணும். ஏர்போர்ட்டில் சத்தியம் எதுவும் இல்லை. மூணு மாசம் நானா போட்டது. பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு, "நான் போகட்டுமா, இல்ல இருக்கட்டுமா?"ன்னு கேட்டா. "போ, நீ இல்லாட்டி நிம்மதியா இருப்பேன்"னு சொன்னது நான்தான்.