முழங்காலில் ஒன்றுமில்லை

கிளீவ்லாந்து,
ஜனவரி 8, 1950

அன்பு மகள் வெர்லீனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஓக்லாந்து வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு இடுப்பு வலி பரவாயில்லை, ஆனாலும் இரண்டு மணி நேரம் நின்று சர்ச்சில் பாடத்தான் பாடுவேன் என்கிறாள். நீ அனுப்பிய ஆரஞ்சு வந்தது, நாலு அழுகிவிட்டது, அடுத்த முறை காகிதம் சுற்றி அனுப்பு.

தம்பி ராஸ்கோவுக்கு முழங்காலில் அடி, அதனால் புத்தாண்டு ஃபுட்பால் பந்தயத்தில் ஆடவில்லை என்று பேப்பரில் படித்துப் பதறிப்போய் எழுதியிருந்தாய். அவன் முழங்காலில் ஒன்றுமில்லை. நேற்றுக்கூட மூன்று படியை ஒரே எட்டில் தாண்டி மாடிக்குப் போனான். இந்த சீசனில் அவன் கல்லூரி ஒன்பது ஆட்டத்தில் எட்டை ஜெயித்ததே, அதில் பாதி அவன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிய ஓட்டம். அந்த அணியில் நம் நிறத்தில் அவன் ஒருவன்தான். தெற்கு மாநிலத்திலிருந்து அந்தப் பந்தயத்துக்கு அழைப்பு வந்தபோது, கறுப்புப் பையனை விட்டுவிட்டு வாருங்கள் என்றும் சேர்ந்தே வந்தது. சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணியின் ஆட்கள் அங்கேதான் பார்க்க வருவதாக இருந்தார்கள், அவர்கள் கண்ணில் பட்டால் பிழைத்தான் என்று நாங்கள் எவ்வளவு ஆசைப்பட்டோம் தெரியுமா. கேப்டன் டேல் கிம்மிக்கை உனக்குத் தெரியாது. சனிக்கிழமை தவறாமல் ஆட்டம் முடிந்து நம் வீட்டில்தான் சாப்பிடுவான், அம்மா கோழிக்காலை அவனுக்கென்றே எடுத்து வைப்பாள். அவன் என் தோளில் கை வைத்து, "ராஸ்கோ இல்லாம நாங்க எப்படிப் போவோம், மிஸ்டர் டில்மன்? போனா எல்லாரும் போவோம், இல்லேன்னா யாருமே போகமாட்டோம்" என்றான். நம்பினேன். இந்த வயதில் எனக்குப் புத்தி எங்கே போயிருந்ததோ.

ராஸ்கோவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவனை விட்டுவிட்டுப் போகலாமா என்று அணிப் பையன்கள் உள்ளே சீட்டெழுதி ஓட்டுப் போட்டார்கள். முப்பத்திரண்டு பேரில் போகவேண்டாம் என்றவர்கள் நாலே பேர். டேல் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம், முழங்காலில் அடி என்று எழுதிய தாளை ராஸ்கோவிடம் கையெழுத்துக்கு நீட்டியவனே அவன்தான். கல்லூரிக்குக் கெட்ட பேர் வரவேண்டாமே என்று நம் பையனும் கையெழுத்துப் போட்டுவிட்டான். அந்தப் பெரிய அணிக்காரர்கள் கடைசியில் டேலின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்களாம்.

இனி எழுதுவது அம்மாவுக்கும் தெரியாது, ராஸ்கோவுக்கும் தெரியாது. அணி போன தனி ரயிலில் எனக்குத்தான் டூட்டி போட்டார்கள். மாட்டேன் என்றால் இருபத்திரண்டு வருஷப் போர்ட்டர் வேலை போய்விடும். என்னைப் பார்த்தால் பையன்கள் கூனிக் குறுகுவார்களே என்று, சொன்னால் சிரிப்பாய், எனக்கே அவர்கள் மேல் இரக்கமாக இருந்தது. எங்கள் ரயிலில் ஏறுகிறவர்கள், பெட்டி தூக்கிப் படுக்கை விரிக்கும் எந்தக் கறுப்புப் போர்ட்டரையும், அவன் சொந்தப் பெயர் என்னவானாலும், ஜார்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள், அது எனக்குப் பழகிப்போனது, முகம் தெரியாதவன் எப்படியோ கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். டேல் பிளாட்பாரத்தில் கல்லூரிப் பெரிய மனிதர்கள் நடுவே நின்றிருந்தான். என் முகத்தை நேராகப் பார்த்தான். "ஜார்ஜ், இந்தப் பெட்டிய உள்ள வை" என்றான். சரிங்க சார் என்று எடுத்து வைத்தேன். போக வர அவன் படுக்கையை நான்தான் விரித்தேன், அவன் ஷூவுக்கு நான்தான் பாலிஷ் போட்டேன். ஓட்டுப் போட்டதைக்கூட மென்று விழுங்கிவிடுவேன் மகளே, இது தொண்டையை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது.

வருகிற சனிக்கிழமை சாப்பிட வருவதாக அவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். ராஸ்கோ, போனது போகட்டும் அப்பா என்கிறான், அம்மாவும் சரியென்றுவிட்டாள். வரட்டும். அன்று எனக்கு லீவு. என் மேசையில் உட்கார்ந்து, அம்மா முகத்தைப் பார்த்து, அவள் புருஷன் பெயர் என்ன என்று அவன் வாயால் சொல்லட்டும், அப்புறம் தட்டில் கை வைக்கட்டும்.

ராஸ்கோவுக்கு எழுதினால் முழங்காலைப் பற்றிக் கேட்காதே, படிப்பை விட்டுவிடாதே என்று மட்டும் எழுது, நீ சொன்னால் கேட்பான். மாப்பிள்ளைக்கு என் ஆசி. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
லூசியஸ் ஆபிரகாம் டில்மன்